மல்டிமீடியா: வாங்குவது முதலாளி, விரல் சுடுவது பையனுக்கா?

எமது வர்த்தகர்கள் ஒரு தராசு வாங்குவதென்றால் அதில் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பாவித்த லொறியொன்றை வாங்குவதென்றால் மெக்கானிக்கைக் கூட்டிச் சென்று எஞ்சினைத் திறந்து காட்டுவார்கள். ஆனால் 'மல்டிமீடியா' என்று நாம் பொதுவாக அழைக்கின்ற டிஜிட்டல் புரொஜெக்டரை வாங்கும்போது மட்டும் பெட்டியின் மேல் என்ன அச்சடித்திருக்கிறதோ அதை அப்படியே நம்பி விடுகிறார்கள். வாங்கி வந்த பின்னர் கடையிலுள்ள ஆக இளைய பையனின் கையில் அதைக் கொடுத்து, "இதெல்லாம் நீதான் பாக்கோணும், நமக்கு இதுகள் வெளங்காது" என்று ஒதுங்கிக் கொள்கிறார்கள். நானும் அவ்வாறு ஒதுங்கியவன்தான். ஆகவே இதனை எழுத எனக்கு ஓரளவு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒரு காலத்தில் ஹோட்டல் மண்டபங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் மட்டுமே காணக்கூடியதாக இருந்த இந்த மெஷின் இன்று எமது வியாபார வட்டத்துக்குள் தாராளமாக வந்துவிட்டது. தளபாடக் கடைக்காரர் வாடிக்கையாளருக்கு மாதிரிகளைச் சுவரில் காட்டுகிறார். டைல்ஸ் வியாபாரி குளியலறை எப்படி அமையும் என்று படமாகப் போட்டுக் காட்டுகிறார். வர்த்தக சங்கங்களின் வருடாந்தக் கூட்டங்களில் கணக்கறிக்கை திரையில் ஓடுகிறது. இது நல்ல விடயமே. நான் சொல்ல வருவது, இந்தப் பொருளுக்குப் பணம் கொடுக்கின்றவர் அதை எப்படி வைப்பது, எப்படி நிறுத்துவது என்பதைத் தானும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதையே. பையனுக்குத் தெரிந்தால் போதும் என்பது சரியல்ல. பெரும்பாலான இடங்களில் பையனுக்கும் ஒருவரும் சொல்லிக் கொடுத்திருப்பதில்லை.

2017 ஏப்ரலில், நோன்புக்கு ஏறக்குறைய ஒரு மாதம் இருக்கையில், எமது சில்லறை வியாபாரிகளுக்கான கூட்டமொன்றைக் கண்டியில் ஒரு மண்டபத்தில் ஏற்பாடு செய்திருந்தேன். நான் புறக்கோட்டையில் வீட்டுப் பாவனைப் பொருட்களை மொத்தமாக விற்பவன். நோன்பு, பெருநாள் காலத்துக்குரிய ஓடர்களில் பெரும்பகுதி அந்த ஒரு கூட்டத்தில்தான் முடிவாகும். அக்குறணை, மாவனல்லை, மாத்தளை, கம்பளை என்று பல ஊர்களிலிருந்தும் ஐம்பது பேரளவில் வந்திருந்தனர். கூட்டத்துக்கு ஒரு கிழமைக்கு முன்னர்தான் 35,000 ரூபாவுக்குப் பாவித்த மல்டிமீடியா ஒன்றை வாங்கியிருந்தேன். விற்றவர் கடையில் இரண்டு நிமிடம் போட்டுக் காட்டினார். படம் தெளிவாக இருந்தது. பேரம் பேசி 2,000 ரூபா குறைத்துக்கொண்டதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

மண்டபத்தில் மேசை தாழ்வாக இருந்ததால், பையன் எமது விலைப்பட்டியல் புத்தகங்களை அடுக்கி, அதற்கு மேல் ஒரு மேசை விரிப்பை மடித்துப் போட்டு, அதன்மேல் மெஷினை வைத்தான். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. பின்பக்கத்தில் ஜன்னல் திரைச்சீலை தொங்கியது. நாற்பது நிமிடங்களுக்குப் பின்னர் ஒரு சிவப்பு விளக்கு மினுங்கி, மெஷின் தானாகவே நின்றது. நான் மேடையிலிருந்து, "டக்கெண்டு போடு, ஆக்கள் காத்துக்கொண்டிருக்கிறாங்க" என்றேன். பையன் சுவரில் சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றி மறுபடியும் மாட்டி, பட்டனை அழுத்தினான். வரவில்லை. மீண்டும் அழுத்தினான். மூன்றாவது தடவை பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம். மெஷினின் துவாரங்களால் லேசாகப் புகை வந்தது. என்ன நடந்ததென்று பார்ப்பதற்காக அவன் மூடியைத் திறந்து உள்ளே கையை வைத்தான். வலது கையில் இரண்டு விரல்கள் வெந்து போயின.

கூட்டம் அத்தோடு குழம்பியது. வந்தவர்கள் விலைப்பட்டியலை வாங்கிக்கொண்டு, பிறகு போன் பண்ணுவதாகச் சொல்லிப் போனார்கள். சிலர் பண்ணினார்கள், சிலர் பண்ணவில்லை. அந்த நட்டத்தை நான் அடுத்த வருடம் ஈடுசெய்து கொண்டேன். ஆனால் இரண்டு நாள் கழித்து மாவனல்லையிலிருந்து பையனின் வாப்பா கடைக்கு வந்தார். சண்டை பிடிக்க வரவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு, "அவனுக்கு ஒத்தரும் செல்லிக் குடுக்கல்ல தானே ஹாஜியார்" என்று மட்டும் சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்த மெஷினைப் பற்றி எனக்கே ஒன்றும் தெரிந்திருக்கவில்லையே, நான் எதைச் சொல்லிக் கொடுப்பது?

அதன் பின்னர்தான் நான் இதைப் பற்றித் தேடித் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன். முதலில் பல்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனெனில் பலர் இதை வீட்டு பல்ப் போன்ற ஒன்று என்றே நினைக்கின்றனர். 1990களின் நடுப்பகுதியில் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய வகையைச் சேர்ந்த பல்புகளே பெரும்பாலான பழைய மல்டிமீடியாக்களில் இருக்கின்றன. அதனுள்ளே கம்பியிழை கிடையாது. ஒரு மில்லிமீற்றரளவு இடைவெளியில் நிற்கும் இரண்டு முனைகளுக்கிடையே, பாதரச ஆவியினூடாக மின்சாரம் பாய்ந்து ஒளி உண்டாகிறது. எரிகின்றபோது அந்தச் சிறிய கண்ணாடிக் குமிழுக்குள் அழுத்தம் ஏறத்தாழ 200 வளிமண்டலத்தை எட்டுகிறது. ஒரு கார் டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்தோடு ஒப்பிட்டால் இது நூறு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். குமிழின் உட்சுவர் ஆயிரம் பாகை செல்சியஸை அண்மித்த சூட்டில் இருக்கும். இவ்வளவையும் தாங்கிக்கொண்டு அந்தப் பல்ப் உயிரோடிருப்பதற்கு ஒரே காரணம், மெஷினுக்குள் இடைவிடாது ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன்தான்.

இப்போது எமது மண்டபத்தில் நடந்ததைப் பாருங்கள். மேசை விரிப்பு, கீழ்ப்பக்கத்தில் காற்று உள்ளே போகும் வழியை அடைத்தது. திரைச்சீலை, சூடான காற்று வெளியேறும் வழியை மறித்தது. மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றது. உண்மையில் அது எங்களிடம் 'கொஞ்ச நேரம் விடுங்கள்' என்று கேட்டது. நாங்கள் பிளக்கைப் பிடுங்கி, எஞ்சியிருந்த ஃபேனையும் நிறுத்தினோம். சூடாக இருக்கும் பல்ப் உள்ளே அழுத்தம் கூடியிருப்பதால் இலகுவில் பற்றிக்கொள்ளாது. அதைப் பற்ற வைப்பதற்காக மெஷின் ஒவ்வொரு தடவையும் பல ஆயிரம் வோல்ட் அளவில் ஓர் உதை கொடுக்கிறது. ஏற்கனவே வயது போன பல்ப். மூன்றாவது உதையை அது தாங்கவில்லை.

வயது போனது என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். மெஷினின் மெனுவுக்குள் பல்ப் எத்தனை மணித்தியாலம் எரிந்திருக்கிறது என்ற கணக்கு இருக்கிறது. சாதாரணமாக 2,000 முதல் 5,000 மணித்தியாலங்கள் வரையே ஒரு பல்புக்குக் கணித்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் வெளிச்சம் குறைவதோடு வெடிப்பதற்கான வாய்ப்பும் கூடுகிறது. ஆனால் புது பல்ப் போடாமலே இந்தக் கணக்கைப் பூச்சியமாக்கி விடவும் முடியும். பாவித்த வாகனங்களில் மைலேஜ் மீட்டரைத் திருப்புவது எங்களுக்குத் தெரியாத விடயமா? ஆகவே பாவித்த மெஷின் வாங்குவதாயின், மெனுவைப் பார்ப்பதோடு நில்லாமல் அரை மணித்தியாலமாவது தொடர்ந்து ஓட விட்டுப் பாருங்கள். புது பல்புக்கு என்ன விலை, அது இலங்கையில் கிடைக்கிறதா என்பதை மெஷினின் விலையைப் பேச முன்னர் விசாரியுங்கள். சில மொடல்களுக்கு அசல் பல்ப் வாங்கப் போனால் பாவித்த மெஷினின் விலையை அது நெருங்கி விடுகிறது.

வெடித்துவிட்டால் என்ன செய்வது? நாங்கள் செய்த எதையுமே செய்யக்கூடாது. சுவர் சுவிட்சை அணைத்து, ஜன்னல் கதவுகளைத் திறந்துவிட்டு, ஆட்களை வெளியேற்ற வேண்டும். உள்ளே இருப்பது பாதரச ஆவி. அளவு சிறிதுதான், எனினும் மூடிய மண்டபத்தில் அதைச் சுவாசித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. யாருக்காவது கண்ணிலோ தொண்டையிலோ எரிவு ஏற்பட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். ஒரு மணித்தியாலமாவது ஆறும் வரை மூடியைத் திறக்கக்கூடாது. திறக்கும்போதும் கையுறை வேண்டும். சீலிங்கில் பொருத்திய மெஷின் என்றால் நேர்கீழே நிற்காமல் ஒரு பக்கமாக நின்று திறக்க வேண்டும், கண்ணாடித் துண்டுகள் முகத்தில் கொட்டும். உடைந்த துண்டுகளை வெக்கியூம் கிளீனரால் இழுக்க வேண்டாம், அது பாதரசத்தை அறை முழுவதும் பரப்பிவிடும்.

வழமையாக நிறுத்தும்போது கடைப்பிடிக்க வேண்டியது மிகச் சிறியது. மெஷினிலோ ரிமோட்டிலோ உள்ள பட்டனால் அணைத்து, ஃபேன் சத்தம் நிற்கும் வரை ஓரிரண்டு நிமிடம் பொறுத்து, அதன் பின்னர் பிளக்கைக் கழற்றுங்கள். புதிய மொடல்களில் சில உடனடியாக நிறுத்தினாலும் பாதகமில்லாதபடி அமைக்கப்பட்டுள்ளன. உங்களுடையது அந்த வகையா என்பதைக் கையேட்டில் பார்க்காமல் அப்படி நினைத்துக்கொள்ள வேண்டாம். கூட்டம் முடிந்ததும் சாப்பாட்டுக்கு அவசரப்பட்டு வயரைப் பிடுங்குவதுதான் எங்கள் மண்டபங்களில் வழக்கம். இந்த இரண்டு நிமிடப் பொறுமை இல்லாமல் எத்தனை பல்புகள் காலத்துக்கு முன்பே போயிருக்கும்!

மின்வெட்டு இந்த விடயத்தில் எங்களுக்கு மேலதிகத் தலையிடி. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாதிருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முன்னறிவித்தல் எதுவுமின்றி நாடு முழுவதும் கரண்ட் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலை என்றார்கள். குரங்கோ மனிதனோ, திடீரெனக் கரண்ட் போனால் உங்கள் மெஷினின் ஃபேனும் நின்றுவிடும், பல்ப் கொதித்தபடியே இருக்கும். கம்பியூட்டருக்கு வைத்திருக்கும் சாதாரண யூ.பி.எஸ். ஒன்று, அதன் வொட் அளவு மெஷினின் வொட் அளவை விடக் கூடுதலாக இருந்தால், மெஷினை முறைப்படி நிறுத்துவதற்குத் தேவையான சில நிமிடங்களைத் தரும். மண்டபத்து ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகும்போது வோல்ட் அளவு ஏறி இறங்குவதால் உடனே மெஷினைப் போட வேண்டாம். பல்ப் ஆறுவதற்கும் அந்தப் பத்து நிமிடம் உதவும்.

அடுத்தது வெளிச்சம். இங்கே எங்களில் ஒரு சாராருக்குக் கொஞ்சம் கசப்பாக இருக்கக்கூடிய ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்று இணையத்திலும் கடைகளிலும் கைக்கடக்கமான சிறிய மல்டிமீடியாக்கள் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. பெட்டியில் '8,000 லூமென்', '12,000 லூமென்' என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும். பெயர் பெற்ற நிறுவனங்களின் அலுவலக மெஷின்களோ 3,000 முதல் 4,000 லூமென் என்றுதான் போடுகின்றன, விலையும் பன்மடங்கு. விபரம் அறியாதவர் சிறியதுதான் திறமானது என்று நினைப்பார். உண்மையில் அந்தப் பெரிய நிறுவனங்கள் சொல்வது, திரையில் வந்து விழும் வெளிச்சத்தைச் சர்வதேச நியமப்படி அளந்து பெற்ற கணக்கு. மற்றவர்கள் போடுவது பெரும்பாலும் யாரோ விரும்பியபடி எழுதிய எண். இவ்வாறு லூமென் கணக்கைப் பெருப்பித்து விற்ற சில கம்பனிகள் மீது எப்சன் நிறுவனம் அமெரிக்காவில் வழக்குகளும் தொடுத்திருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பெட்டியின் முன்பக்கத்தை விட்டுவிட்டு, மெஷினின் அடியிலோ அடப்டரிலோ ஒட்டியுள்ள லேபலில் வொட் எவ்வளவு என்று பாருங்கள். 3,000 லூமென் தரும் பல்ப் மெஷின் ஒன்று 250 முதல் 300 வொட் வரை இழுக்கும். 8,000 லூமென் என்று சொல்லும் சின்ன மெஷினில் 60 வொட் என்றுதான் இருக்கும். நல்ல எல்.ஈ.டி. விளக்கு ஒன்று ஒரு வொட்டுக்கு 100 முதல் 150 லூமென் தரலாம். அந்த மெஷினில் ஃபேனுக்கும் சர்க்கிட்டுக்கும் ஒரு வொட் கூடப் போகாமல் எல்லாம் விளக்குக்கே போனாலும், பிறந்த ஒளியில் பெரும்பகுதி உள்ளேயிருக்கும் எல்.சீ.டி. தகட்டிலும் வடிகட்டிகளிலும் தங்கிவிடுகிறது. திரைக்கு வருவது மிகச் சிறு பங்கே. இருட்டறையில் பிள்ளைகள் கார்ட்டூன் பார்க்க அது போதும். பகல் பத்து மணிக்கு ஐம்பது பேருக்கு விலைப்பட்டியல் காட்ட அது உதவாது.

'1080 சப்போர்ட்' என்று எழுதுவதும் இதே வகைதான். அந்த அளவு படத்தை மெஷின் ஏற்றுக்கொள்ளும் என்பதே அதன் அர்த்தம், அந்தத் தெளிவில் காட்டும் என்பதல்ல. மெஷினின் சொந்த அளவு, அதாவது 'நேட்டிவ்' எவ்வளவு என்று கேளுங்கள். 800க்கு 480 என்று வந்தால் உங்கள் விலைப்பட்டியலில் 3க்கும் 8க்கும் வித்தியாசம் தெரியாமல் போகும்.

இந்தப் பெட்டிகளை இறக்குமதி செய்து விற்பவர்களில் எம்மவர்களும் இருக்கின்றனர். புறக்கோட்டையில் இருப்பவன் என்ற வகையில் எனக்கு அது நன்றாகவே தெரியும். "பெட்டியில் இருப்பதைத்தானே நாங்கள் சொல்கிறோம், அச்சடித்தது நாங்களா?" என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். அரிசி மூட்டையில் 50 கிலோ என்று ஆலைக்காரன் அச்சடித்திருக்க, உள்ளே 5 கிலோ இருப்பது தெரிந்துகொண்டே அதை விற்றால் நாங்கள் அப்படிச் சொல்வோமா? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் விதத்தில் வியாபாரம் செய்வதைத் தடை செய்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, அந்த மெஷினை வாங்கிப் போகின்றவர் இன்னுமொரு சிறிய வியாபாரியாகத்தான் இருப்பார். அவரது கூட்டத்தில் படம் தெரியாமல் போனால் அவர் சீனாக்காரனை ஏசப் போவதில்லை.

மெஷினை எங்கே வைப்பது என்பதில் பெரிய சாஸ்திரம் ஒன்றுமில்லை. பெரும்பாலான அலுவலக மெஷின்கள் திரையின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்தில் நிற்க வேண்டும். 2 மீற்றர் அகலமான படம் வேண்டுமென்றால் 3 மீற்றர் தள்ளி வையுங்கள். உயரம் போதவில்லை என்று மூக்கைத் தூக்கி வைத்துவிட்டு, கோணலான படத்தை பட்டனால் நேராக்குவது எங்கள் பழக்கம். அப்படி நேராக்கும்போது படத்தின் தெளிவிலும் வெளிச்சத்திலும் ஒரு பகுதி பறிபோகிறது. உறுதியான உயர்ந்த மேசை ஒன்றைத் தேடுவது இதைவிட மேல். சுற்றிவர ஓர் அடியாவது வெறுமையாக இருக்கட்டும். கீழே துணி, கம்பளம், மெத்தை எதுவும் வேண்டாம். சுடுகாற்று வரும் பக்கத்தில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். திரைக்கு வெள்ளைச் சுவர் தாராளமாகப் போதும். பெட்ஷீட் கட்டினால் பாதி வெளிச்சம் பின்னால் போய்விடும்.

மண்டபங்களில் இன்னும் இரண்டு பழக்கங்களைக் கண்டிருக்கிறேன். ஒன்று, பேச்சாளர் இடையில் படத்தை மறைக்கச் சொன்னால் லென்ஸுக்கு முன்னால் ஒரு புத்தகத்தையோ பைலையோ வைப்பது. அந்த ஒளியின் சூட்டில் கடதாசி கருகும், தீயும் பிடிக்கலாம். படத்தை மட்டும் மறைப்பதற்கென்றே ரிமோட்டில் ஒரு பட்டன் இருக்கிறது. மற்றது, மெஷினுக்கு அருகில் நின்று எயார் ப்ரெஷ்னரோ நுளம்பு மருந்தோ அடிப்பது. ஸ்பிரே டின்களில் பெரும்பாலும் தீப்பிடிக்கக்கூடிய வாயு இருக்கிறது. உள்ளே எரிவது எத்தகைய பல்ப் என்பதை மேலே சொல்லியிருக்கிறேன். சாம்பிராணிப் புகை வெடிக்காது, ஆனால் ஃபில்டரையும் லென்ஸையும் மெதுவாகப் பாழாக்கும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, இந்த மெஷின் அப்படியொன்றும் பெரிய பாரமல்ல. 230 வோல்ட்டில் 300 வொட் என்பது ஒன்றரை அம்பியருக்கும் குறைவு. பிரச்சினை என்னவென்றால், அதே வயர்கோட்டில் தேநீருக்கான கேத்தலையும் மாட்டுவதுதான். 2,000 வொட் கேத்தல் தனியே 9 அம்பியரை இழுக்கும். சுருட்டியபடியே கிடக்கும் மெல்லிய வயர்கோட் அந்தச் சூட்டில் உருகத் தொடங்கும். வயர்கோட்டை முழுவதும் விரித்து, சுவரோரமாகக் கொண்டுசென்று, ஆட்கள் நடக்கும் இடத்தில் டேப்பால் ஒட்டுங்கள். வயோதிபர் ஒருவர் கால் தடக்கி விழுந்தால் மெஷினோடு சேர்த்து அவரையும் தூக்க வேண்டி வரும்.

எர்த்தைப் பற்றி ஒரு வார்த்தை. சதுர முனை பிளக் பொயின்ட்டில் வட்ட முனை பிளக் போகவில்லை என்றால் மேல் துவாரத்தில் பேனையைக் குத்தி மாட்டுவது எங்கள் நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வித்தை. அந்தத் துவாரம்தான் எர்த். அதனுள் நீளமான முனை போனால்தான் மற்ற இரண்டு துவாரங்களின் மூடியும் திறக்க வேண்டும் என்று பாதுகாப்புக்காகச் செய்து வைத்ததை நாங்கள் பேனையால் ஏமாற்றுகிறோம். மெஷினையோ அதோடு இணைத்த லெப்டொப்பையோ தொடும்போது கை 'ஜிவ்' என்று இருந்தால் எர்த் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மண்டபத்துக்குப் போனதும் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா என்று மண்டபக்காரரிடம் கேட்க நான் இப்போது வெட்கப்படுவதில்லை.

நுவரெலியாவில் கூட்டம் வைப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. அந்நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்று அடர்த்தி குறைவு. குளிர்தானே என்று நாம் நினைப்போம், மெஷினுக்கோ தன்னைக் குளிர்விக்கப் போதிய காற்றுக் கிடைப்பதில்லை. 1,500 மீற்றருக்கு மேலே பாவிப்பதற்கென்று பல மெஷின்களின் மெனுவில் ஓர் அமைப்பு வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டால் ஃபேன் வேகமாகச் சுழலும், சத்தம் கொஞ்சம் கூடும். கொழும்புக்குத் திரும்பியதும் மறுபடி மாற்றிவிடுங்கள்.

லேசர் மெஷின் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லையே என்று சிலர் சொல்கிறார்கள். உண்மைதான். பாதரசம் இல்லை, அதன் ஒளிமூலம் 20,000 மணித்தியாலம் வரை வரும் என்கிறார்கள், ஃபேனுக்காகக் காத்திருக்கவும் பெரும்பாலும் தேவையில்லை. ஆனால் லென்ஸுக்குள் எட்டிப் பார்த்தால் கண்ணுக்கு ஆபத்து அதிலும் உண்டு. குறிப்பாகச் சிறு பிள்ளைகள் எட்டிப் பார்க்கும் உயரத்தில் எந்த வகை மெஷினையும் வைக்கக்கூடாது. மற்றது கணக்கு. மாதத்துக்கு இரண்டு கூட்டம், ஒவ்வொன்றும் மூன்று மணித்தியாலம் என்றால் வருடத்துக்கு 72 மணித்தியாலம். 4,000 மணித்தியால பல்புக்கே அது ஐம்பது வருடத்துக்கு மேல் போதும்! அதற்கு முன்னரே தூசும் எங்கள் கரையோரப் பகுதிகளின் ஈரக்காற்றும் மெஷினை முடித்துவிடும். மணித்தியாலக் கணக்கைக் காட்டி உங்களிடம் கூடிய விலை கேட்பவரிடம் இந்தக் கணக்கை நீங்களும் போட்டுக் காட்டலாம்.

என்னுடைய அபிப்பிராயத்தைக் கேட்டால், எமது சிறு வியாபாரிகளில் பெரும்பாலானோருக்குச் சொந்த மல்டிமீடியா தேவையே இல்லை. கடைக்குள் பத்துப் பேருக்குக் காட்டுவதற்கு 55 அல்லது 65 அங்குல டீ.வீ. போதும். பகல் வெளிச்சத்திலும் அது தெளிவாகத் தெரியும், அதை யார் எப்படி அணைத்தாலும் வெடிக்காது. வருடத்துக்கு மூன்று நான்கு தடவை பெரிய கூட்டம் வைப்பவர் வாடகைக்கு எடுக்கட்டும். எடுக்கும்போது மெஷினோடு ஆளும் வருவாரா, பல்ப் பழுதானால் மாற்று மெஷின் உண்டா என்று முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள். அடிக்கடி தேவைப்படுபவர் மட்டும் வாங்கட்டும். வாங்குபவர் ஒரு பின்னேரம் ஒதுக்கி, கையேட்டைத் தமிழில் விளங்கிச் சொல்லக்கூடிய ஒருவரோடு உட்கார்ந்து, தன் கையாலேயே ஒரு தடவை போட்டு, ஒரு தடவை நிறுத்திப் பழகட்டும்.

இடையே ஒரு விடயத்தையும் சொல்லி வைக்கிறேன், இது விரல் சுடும் விடயமல்ல, பை சுடும் விடயம். லெப்டொப்பை மல்டிமீடியாவில் மாட்டுமுன் வட்ஸ்அப்பை மூடுங்கள். வர்த்தகர் ஒருவர் வாடிக்கையாளர்களுக்கு விலை சொல்லிக்கொண்டிருக்கையில், சீனாவிலிருந்து அவரது கொள்விலை திரையின் மூலையில் பெரிதாக வந்து விழுந்ததை நான் கண்ணால் கண்டேன். அவர் மெஷினை நிறுத்த ஓடிய வேகத்தில் பிளக்கையே பிடுங்கினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2017க்குப் பிறகு நான் புதிதாக ஒன்று வாங்கினேன். ஊழியர் பயிற்சிக்கும் கூட்டங்களுக்கும் எங்களுக்கு அடிக்கடி தேவைப்படுகிறது. விரல் வெந்த அதே பையன்தான் இன்று எமது விற்பனைப் பிரிவைப் பார்க்கிறான். மெஷின் பெட்டிக்குள் ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருக்கிறான். எந்தத் திகதி, எந்த ஊர், பல்ப் எத்தனை மணித்தியாலம், ஃபில்டர் துடைத்தது எப்போது என்று எல்லாம் அதில் இருக்கிறது. சென்ற மாதம் சங்கமொன்று மெஷினை இரவல் கேட்டு வந்தது. நான் சரி என்று சொல்ல வாயெடுக்குமுன் அவன் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மெஷினைக் குடுப்பம் ஹாஜியார், ஆனா அதோட நானும் போகோணும்" என்றான். அவனுடைய வான் கூலியைச் சங்கம் கொடுத்தது.